தாயம் உருட்டும் வீட்டுக்கு ஒரு வெளி ஆடிட்டர் தேவை

படப்பை,
புதன்கிழமை (கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில்)

பேரன்பும் பெருந்தொப்பையும் ஒருங்கே வாய்ந்த குன்றத்தூர் மோகன் மாமாவின் சமூகத்துக்கு, அக்கா மகள் கவிப்பிரியா, பதினொன்றாம் வகுப்பு, பணிவுடன் (நம்புங்கள்) எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் நலம். ஆனால் நால்வரும் ஒரே நேரத்தில் நலமாக இருப்பதில்லை, ஷிஃப்ட் போட்டு நலமாக இருக்கிறோம். அங்கு தங்கள் நலம், அத்தை நலம், தையல் கடை நலம் எல்லாவற்றையும் விசாரித்ததாக நினைத்துக்கொள்ளவும், எனக்கு நேரமில்லை, அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் முக்கால்வாசி எழுதியாக வேண்டும்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் போன் அத்தையின் கையில் இருக்கிறது. அத்தையின் கைக்குப் போனது பத்து நிமிஷத்தில் அம்மாவின் காதுக்குப் போகும். தபாலில் வந்தால் ஏதோ பில் என்று நினைத்து அத்தை பிரிக்காமல் உங்களிடமே தள்ளிவிடுவார்கள். எப்படி என் மூளை?

விஷயம் இதுதான். அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பது உங்களுக்குத் தெரியும் (அவர் கையில் ரிஜெக்ட் ஆகியும் வீட்டிலேயே இருக்கும் ஒரே பீஸ் நான்தான்). அவரைக் குஜராத்தில் புதிதாகத் தொடங்கும் பிளான்ட்டுக்கு இரண்டு வருஷம் போகச் சொல்கிறார்கள். போகிறாரா இல்லையா என்று இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். அப்பா, "நீ இன்னா சொல்ற கனகம்?" என்றார். அம்மா, "நான் இன்னா சொல்றது, உங்க இஷ்டம்" என்றாள். "என் இஷ்டம் கெடக்குது, உன் இஷ்டம் இன்னா?" "எனக்கு இன்னா தனியா இஷ்டம், புள்ளைங்கள கேளுங்க." இப்படியே மூன்று நாள், ஷேர் ஆட்டோவில் ஜன்னலோர சீட்டுக்கு "நீங்க போங்க, நீங்க போங்க" என்று இருவரும் கீழேயே நின்றுகொண்டிருப்பது போல. கடைசியில் அண்ணன் எழிலரசன் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி, "பேசாம தாயம் போட்டுப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அப்பா விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆளா?

தாயத்துக்கு முன்னால் மற்ற ஆட்டங்களையும் ஆடிப்பார்க்காமல் இல்லை. வீட்டில் இருந்தவர்களை வைத்துக் கேரம் ஆடினோம், போர்டில் பவுடர் சிந்தக் கூடாது என்று அப்பா ஒவ்வொரு அடிக்கும் துணியால் துடைத்ததில் ஸ்ட்ரைக்கர் நகரவே மறுத்தது. பரமபதம் ஆடினோம், பாம்பு கொத்தும்போதெல்லாம் அம்மா எழுந்துபோய் விபூதி பூசிக்கொண்டு வந்ததில் ஏணி பக்கம் போகவே நேரமில்லை. போனில் லூடோ ஆடினோம். நான்கு பேரும் நான்கு இடத்தில் இருந்துகொண்டு யார் யாரை வெட்டினார்கள் என்றே தெரியாமல் இரண்டு நாள் யாரும் யாருடனும் பேசவில்லை. ஆகவே தாயம். ஹால் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கட்டம், ஆளுக்கு இரண்டு காய்: அப்பாவுக்குப் புளியங்கொட்டை, அம்மாவுக்கு உடைந்த வளையல், அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான், எனக்குப் பேனா மூடி. அப்பாவின் காய்கள் முதலில் சுற்றி முடித்துப் பழமானால் அவர் குஜராத் போகிறார். வேறு யாருடையது முதலில் பழமானாலும் போகவில்லை. அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் நால்வரும் ஒன்றாக உட்கார வேண்டுமே! அப்பா காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருகிறார். அம்மா ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனிக்கு ஒரு மணி பஸ்ஸுக்கே போய்விடுகிறாள். அண்ணன் ஓ.டி., ஓ.டி. என்று ஓடியே போகிறான். அப்பா யோசித்தார். கம்பெனி லைனில் ஒரு ஷிஃப்ட் போய் அடுத்த ஷிஃப்ட் வரும்போது எப்படி வேலையை ஒப்படைப்பார்களோ அப்படியே வீட்டிலும் ஒரு ரிஜிஸ்டர். தேதி, ஷிஃப்ட், விழுந்த எண், நகர்த்திய காய், குறிப்பு, கையொப்பம். வீட்டுக்கு வருகிறவர் ஒரே ஒரு உருட்டு உருட்டி, காயை நகர்த்தி, எழுதிவிட்டுப் போக வேண்டும். போன ஷிஃப்ட் எழுதியதை அடுத்த ஷிஃப்ட் சந்தேகப்படக் கூடாது. "ரிஜிஸ்டர்ல இன்னா கீதோ அதான் நெஜம்" என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

மாமா, யோசித்துப் பாருங்கள். பள்ளிவிட்டு வந்து, தூங்கும் அப்பாவைத் தவிர ஆளில்லாத வீட்டில் இருக்கும் என்னை நம்பி ஒரு விளையாட்டு! அவர்கள் தாயக்கட்டை உருட்ட, நான் முட்டுக்கட்டை போட்டேன். அப்பா கொஞ்சம் கண் அசந்ததும் அவருடைய புளியங்கொட்டையை இரண்டு கட்டம் பின்னால் இழுத்தேன். மறுநாள் பார்த்தால் மூன்று கட்டம் முன்னால் இருக்கிறது. மறுபடி இழுத்தேன். மறுநாள் நான்கு. நான் இழுக்க இழுக்க அது குஜராத் பக்கமே போகிறது. பேயா, பூகம்பமா என்று ஒரு வாரம் நகத்தைக் கடித்தேன், இப்போது பத்து விரலிலும் ஒன்றுமில்லை, கால்தான் பாக்கி.

போன திங்கட்கிழமை வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, தூங்கப் போவதாகச் சொல்லிப் பீரோ ஓரமாக ஒளிந்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு அம்மா தன் உருட்டை உருட்டி முடித்து, ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பாவின் காயை இரண்டு விரலால் எடுத்து முன்னால் வைத்தாள். "பாவம் மனுசன். ஆச வெச்சிகினு கீறாரு, வாயத் தொறந்து கேக்கத் தெரியல" என்று கொட்டையிடமே சொன்னாள்.

அன்று மாலை அண்ணனையும் பிடித்தேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டத்தின் முன் குந்தியிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"தூசி தட்றேன்."

"அப்பா காய நவுத்திகினா தூசி தட்டுவாங்க?"

"அவரு போனா பைக் சும்மா நிக்கும் இல்ல? நிக்கிற வண்டி துரு புடிக்கும்டி. நல்ல எண்ணம்தான்."

"அம்மாகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லேன். நீ பின்னால இழுத்தத நானும் சொல்றேன்."

ஆக இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். இந்த வீட்டில் நானும் அவனும் ஒரே பேச்சுக்கு வந்தது அன்றுதான்.

இதற்கு நடுவில் மாடியில் குடியிருக்கும் உச்சிமாகாளி அண்ணன் வேறு. திருநெல்வேலிக்காரர், டயர் கம்பெனியில் வேலை, பகலில் தூங்குகிறவர். ஒருநாள் அம்மாவுக்கு பஸ் முன்னாலேயே வந்துவிட்டது. லைனில் ஆள் எழுந்துபோனால் பதிலுக்கு ஒரு ரிலீவர் நிற்பார் அல்லவா, அதுபோல "எனக்கு ஒரு உருட்டு உருட்டிடுப்பா" என்று இவரிடம் கட்டையைக் கொடுத்துவிட்டு ஓடினாள். அவர் உருட்டினார், ஐந்து விழுந்தது, அம்மாவின் வளையலால் அப்பாவின் ஒரு காயை வெட்டி எறிந்துவிட்டு, ரிஜிஸ்டரில் "வெட்டியாச்சு. எதிரி காலி" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அம்மாவோ மறுநாள் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, உன்ன யாரு வெட்டச் சொன்னது?" அவர் தலையைச் சொறிந்தார். "என்னக்கா சொல்லுதிய? தாயம்னா வெட்டத்தான செய்யணும். ஜெயிக்க வேண்டாமா ஒங்களுக்கு?" அம்மா விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள். வெட்டுப்பட்ட அந்தக் காய் அன்றைக்கே எப்படியோ பழமாகிவிட்டது.

இவ்வளவும் சிரிப்புதான் மாமா. சிரிக்க முடியாதது நேற்று நடந்தது. பரீட்சை அரைநாள், நான் சீக்கிரம் வந்து பழையபடி பீரோ ஓரம். அப்பா மூன்று மணிக்கு வந்தார். டிபன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. உருட்டினார். இரண்டு கட்டையும் வெற்றுப் பக்கம் காட்டின: பன்னிரண்டு. நான் கண்ணால் பார்த்தேன். அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், லைனில் விரிசல் விட்ட பீஸைப் பார்ப்பது போல. பிறகு கட்டையைத் திருப்பிப் போட்டார். ரிஜிஸ்டரில் "2" என்று எழுதினார். இரண்டு கட்டம்தான் நகர்த்தினார்.

அவர் குளிக்கப் போன பிறகு ரிஜிஸ்டரின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று வாரமாக அந்த மனுஷனுக்கு ஒருநாள்கூட ஐந்து விழவில்லையாம். மாமா, அவருக்குப் போகப் பிடிக்கவில்லை. வாயால் சொல்லத் தெரியாமல் கட்டையால் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா அதைத் தெரியாமல் ஆசை ஆசையாக அவரை வீட்டை விட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இப்போது மிச்சமிருக்கும் கொட்டை பழமாக ஆறே கட்டம்தான் பாக்கி.

நானே சொல்லிவிடலாம்தான். யார் நம்புவார்கள்? போன மாதம் அப்பாவின் சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கரை அண்ணன் முதுகில் ஒட்டி, அவன் அப்படியே கம்பெனி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தானே, அதிலிருந்து நான் மழை பெய்கிறது என்றால்கூட வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கிறார்கள். அதைவிட, அப்பா பொய் எண் எழுதினார் என்று நான் எப்படிச் சொல்வேன்? குவாலிட்டி நடேசன் என்று பேர் வாங்கியவர்.

வரும் ஞாயிறு நான்கு பேருக்கும் வாரலீவு ஒன்றாக விழுகிறது, கிரகணம் மாதிரி எப்போதோ வருவது. மிச்ச ஆட்டத்தை அன்று நேருக்கு நேர் உட்கார்ந்து முடிப்பதாக ஏற்பாடு. நேரில் உருட்டினால் அப்பா பன்னிரண்டை இரண்டு என்று எழுத முடியாது. ஆகவே நீங்கள் வர வேண்டும். வெளி ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்டு, தையல் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிரிக்காமல், ரிஜிஸ்டரையும் கட்டத்தையும் ஒத்துப்பார்த்து, "இந்த வூட்ல ஒருத்தரும் யோக்கியம் இல்ல, ஆட்டம் செல்லாது" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். என்னையும் சேர்த்தே திட்டுங்கள், பழக்கம்தான்.

அத்தைக்கு என் வணக்கமும், குட்டிப்பயலுக்கு ஒரு செல்லக் கிள்ளும், உங்கள் தொப்பைக்கு நீண்ட ஆயுளும் உரித்தாகுக. முருகன் துணை, அவரும் வராவிட்டால் நீங்களாவது துணை.

இப்படிக்கு,
பதற்றத்தில் நகமில்லாத
கவிப்பிரியா

பி.கு. (வெள்ளிக்கிழமை, இன்னும் தபாலில் போடவில்லை): மாமா, வர வேண்டாம். நேற்று பள்ளிவிட்டு வந்தால் ஹால் தரையில் கட்டமே இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தது. அப்பா யூனிஃபார்மோடு நடுவில் நின்று, "யாருடி அழிச்சது?" என்று மாடி உச்சிமாகாளி அண்ணனே எழுந்துவிடும்படி கத்தினார். அவருடைய பேண்ட் முட்டி இரண்டும் வெள்ளை. உள்ளங்கை வெள்ளை. மீசையில்கூட ஒரு கோடு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைக் கையும் சாக்பீஸுமாகப் பிடித்திருக்கிறேன். வாயைத் திறந்தேன், "நான்தாம்பா" என்று வந்துவிட்டது.

"ஏன்டி?"

"கூட்டித் துடைச்சேன்."

"நீ? துடைச்ச?"

"ஆமாம்பா. தெரியாம."

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சரி போ. ரிஜிஸ்டர் கீது இல்ல, அதுல இருக்கறபடி வெச்சிக்கலாம்." ரிஜிஸ்டர்படி கூட்டிப் பார்த்தால் அப்பாதான் கடைசி, முப்பதாம் தேதிக்குள் தாண்டவே முடியாது. ராத்திரி வேலைவிட்டு வந்த அம்மாவாலும் அண்ணனாலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேசினால் தள்ளியதை ஒப்புக்கொள்ள வேண்டுமே. இன்று காலை ஆபீஸில் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா யூனிஃபார்மை ஊறவைக்கும்போது முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரக் கையோடு வந்து ரிஜிஸ்டரில் குறிப்பு எழுதினாள்: "கறை போய்விட்டது. கனகம்."

எனக்குத்தான் தண்டனை. ஒரு வாரம் ஹாலை நான்தான் துடைக்க வேண்டுமாம், அப்பா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பாராம். நிற்கட்டும் மாமா. இரண்டு வருஷம் வேண்டுமானாலும் நிற்கட்டும்.