சொட்டாத பால்புட்டி

பக்கத்து வீட்டுக்காரன் மேல் வரும் பொறாமைக்கு மருந்து உண்டு. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடலாம். சகலை மேல் வரும் பொறாமைக்கு மருந்தே கிடையாது. ஒரே மாமியார், ஒரே பந்தி, ஒரே தீபாவளி. அவனுக்கு வைத்த வடை பெரிதா, நமக்கு வைத்த வடை பெரிதா என்று பார்த்தே ஆயுள் போய்விடும். (அவனுக்கு வைத்ததுதான் பெரிது. நான் பார்த்துவிட்டேன்.)

என் சகலை பெயர் தேவா. என் மனைவி சுமதியின் தங்கையைக் கட்டியவன். பொன்னேரியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். மாமியார் போனில் ரீல்ஸ் ஓடவில்லை என்றால் அவன்தான் வந்து ஏதோ அமுக்குவான், ஓடும். உடனே அவனுக்கு மட்டும் காபியில் நுரை கூடும். நானோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் லீக் டெஸ்டிங் பார்க்கிறவன். வால்வுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். ஒரு குமிழி கிளம்பினாலும் ரிஜெக்ட். நான் பாஸ் செய்த வால்வு எந்த ஊரிலும் சொட்டியதில்லை. ஆனால் இந்தப் பெருமையை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? வால்வில் ரீல்ஸ் ஓடாதே.

எங்கள் மகள் யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது சுமதியின் பிரசவ லீவு முடிய வந்தது. பக்கத்துக் கம்பெனி லேபில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்துவிட்டார். தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரே சிக்கல், யாழினி அதுவரை புட்டியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

நல்ல புட்டியாக நானே பார்த்து வாங்குகிறேன் என்றேன். "எதுக்கும் தேவாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் சுமதி. அவனுக்கு அப்போது குழந்தையே கிடையாது. இருந்தும் எல்லாம் தெரியுமாம். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்த எரிச்சலோடு பஜாரில் மெடிக்கல் கடைக்குப் போனேன். அகல வாய், குறுகிய வாய், பிடி வைத்தது, வளைந்தது என்று அத்தனையையும் இறக்கச் சொன்னேன். நிப்பிளில் மட்டும் மெதுவாக வருவது, நடுத்தரம், வேகம் என்று தனித்தனி ரகம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, மூடியோரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடைப்பெண் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு, "சார், இது பால் பாட்டில் சார், டேம் இல்ல" என்றாள். நான் அசரவில்லை. இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன்.

வீட்டில் கொதிக்க வைத்து, ஆறவைத்து, பாலை ஊற்றிக் கவிழ்த்தால் மூடி திருகும் மரையோரம் ஒரு துளி கசிந்தது. ஒரே ஒரு துளி. வேறு அப்பனாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பான். நான் லீக் டெஸ்டிங் அப்பன். டூல் பையிலிருந்து குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்தேன். புட்டியின் கழுத்தில் அழகாகச் சுற்றி, மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். கவிழ்த்தேன், உதறினேன். மூடியோரம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கம்பெனியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

யாழினி கொஞ்சம் சப்பினாள். அப்புறம் வீல் என்று கத்தினாள். வேறு புட்டி வாங்கினேன், வேறு நிப்பிள் போட்டேன். எல்லாவற்றுக்கும் டேப் சுற்றினேன். எல்லாவற்றுக்கும் அதே வீல்.

சனிக்கிழமை தேவா வந்தான். ஸ்டேஷன் வாசல் பிளாட்பாரக் கடையில் வாங்கிய மட்டமான புட்டி ஒன்று அவன் கையில். கரடி பொம்மை படம் வேறு. மாமியார் அதைக் கழுவிக் கொதிக்கவைத்துப் பால் ஊற்றிக் கொடுக்க, அவன் மடியில் போட்டுக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே ஊட்ட, என் மகள், என் ரத்தம், என் மூக்கை அப்படியே உரித்துக்கொண்டு பிறந்தவள், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் போனதும் அந்தக் கரடிப் புட்டியைச் சோதித்தேன். மூடியோரம் கண்டபடி ஒழுகியது. இதைக் கொண்டுபோயா வாங்கினான் என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். அதற்கும் டேப் சுற்றி, நானே ஊட்டினேன். வீல்.

"புட்டியில ஒண்ணும் இல்ல மாப்ள, தேவா கைராசி அப்படி" என்றார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை அவனையே மறுபடி வரவழைத்தார்கள். மறுநாள் சுமதி வேலைக்குப் போயாக வேண்டும். போகாமலே நின்றுவிடட்டுமா என்று என்னிடம் கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

நான் தயார் செய்து கொடுத்த புட்டியோடு தேவா உட்கார்ந்தான். யாழினி சப்பினாள். நிறுத்தினாள். அவன் முகத்துக்கு நேராகவே வீல் என்று கத்தினாள். அந்தக் கணம் என் மனதில் பட்டாசு வெடித்தது. அவனுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை! மனதில் வெடித்தால் பரவாயில்லை, அது முகத்துக்கும் வந்துவிட்டது. பசியில் அழும் பிள்ளைக்கு எதிரே பல்லெல்லாம் தெரிய நின்றிருக்கிறேன். நிமிர்ந்தால் சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் தேவா பாலை முகர்ந்து பார்க்க மூடியைத் திருகினான். திருக முடியாமல் வேட்டியால் பிடித்துத் திறந்தான். வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"இன்னாண்ணா இது? பைப்புக்குச் சுத்தற டேப்பு மாரி கீது?"

அவன் அதைக் குப்பை மாதிரி பிய்த்துப் போட்டுவிட்டு, மூடியை லேசாகத் திருகி மறுபடி ஊட்டினான். யாழினி சப்பினாள். புட்டிக்குள் சின்னச் சின்னதாகக் குமிழிகள் ஏறின. பால் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் நிப்பிள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும் என்பது காற்றோடே குடித்தனம் நடத்துகிற எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் குமிழி வந்தால் வால்வு ரிஜெக்ட். என் வீட்டில் குமிழி வராமல் செய்ததால் நான் ரிஜெக்ட்.

திங்கட்கிழமை சுமதி வேலைக்குப் போனாள். ஞாயிறு ராத்திரி முதல் என்னோடு பேசவில்லை. டேப்புக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் ஒழுகினால், "அப்பாகிட்ட குடுக்காதம்மா, சித்தப்பா வரட்டும்" என்கிறாள். (இன்னமும் எரிகிறது.) போன வருடம் தேவாவுக்கு மகன் பிறந்தான். புட்டி வாங்க என்னையும் பஜாருக்குக் கூப்பிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "அப்ப அது வேணாம். மத்ததுல ஒண்ணு குடும்மா" என்றான் கடைப்பெண்ணிடம்.

அந்த வாரமே பிள்ளையைப் பார்க்கப் பொன்னேரி போனோம். கைராசிக்காரன் மடியில் பிள்ளை, வாயில் புட்டி, வீட்டையே இடிக்கிற மாதிரி அலறல். நான் அவசரமாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேன்.

சுமதி அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "லீக் ஆவுது. மூடிக்கோங்க."