நெல் வயலில் ஒரு ஹெல்மெட்

"பி.காம் படிச்ச புள்ள சேத்துல எறங்குறேங்குறியே, மூணு நாளு தாங்குவியா?" என்று உரக்கடைக்காரர் என்னைக் கேட்டார். அம்மா அதைவிடக் கடுமை. "நான் குனிஞ்ச எடத்துல நீயும் குனியவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று ஒரே பிடியாக நின்றார். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா வேண்டாம் என்றால் குத்தகைக்கு நிலம் எடுக்க முடியாது.

இந்த ஆசை எனக்கு வந்ததற்கு ஹெல்மெட் அண்ணன்தான் காரணம்.

காவிரி பாயும் அத்தனை ஊர்களிலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நெல் நட்ட ஒரே மனிதர் அவர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் ஷிப்யார்டில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தார். வேலையை விட்டாரே தவிர பழக்கத்தை விடவில்லை. மஞ்சள் ஹெல்மெட், பளபளக்கும் பச்சை ஜாக்கெட், கழுத்தில் விசில். அவர் வந்தால் கொக்குகள் பக்கத்து வயலுக்குக் குடிபோய்விடும்.

"ஏம்ப்பா, வானத்துலேருந்து நெல்லு மூட்டையா விழப்போவுது?" என்பார்கள் டீக்கடையில்.

"விழுந்தா?" என்று முகம் மாறாமல் கேட்பார்.

காலை ஏழு மணிக்கு வரப்பில் 'டூல்பாக்ஸ் மீட்டிங்'. ஷிப்யார்டில் வேலைக்கு முன்னால் தினமும் நடக்குமாம். நடவுக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்று கையைத் தூக்கி உடற்பயிற்சி செய்ய வேண்டும்.

"நாள் பூரா குனியப் போறோம் தம்பி. இப்ப எதுக்கு நிமிரச் சொல்றீங்க?" என்றார் பன்னிரண்டு வயதிலிருந்து நடவு நடும் என் அம்மா.

"அதுக்குத்தாங்க்கா சொல்றேன்!"

அடுத்து ஆளாளுக்கு ஒரே கேள்வி: "இன்னைக்கு என்ன ஆபத்து இருக்கு, சொல்லுங்க."

"உங்க விசிலுதான்" என்றாள் ஒருத்தி. அம்மாவோடு வந்திருந்த நானும், செல்போனில் வீடியோ எடுக்க வந்த இரண்டு பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வடிவாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு தம்பி. தண்ணி வடிய வழியில்ல. மழை புடிச்சா நட்டதெல்லாம் அழுகிடும்."

அண்ணன் விசிலை ஊதி நடவை நிறுத்தினார். பறித்த நாற்று கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அவருடைய அப்பா பாய்ந்து வந்தார்.

"நடவாளு சொன்னான்னு நடவ நிறுத்துறியா?"

"தெரிஞ்சவங்க சொல்றாங்கப்பா" என்றபடி ஹெல்மெட்டோடு வாய்க்காலில் இறங்கினார். செல்போனை வரப்பில் வைத்துவிட்டுப் பையன்களும் இறங்கினார்கள். என் அம்மாவின் வாய்ச்சொல்லுக்கு ஒரு வயலே நின்றதை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் ஒரு வயல் வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அந்த ஐப்பசியில் ஒரு வாரம் மழை விடவில்லை. ஊரே ஏரியாகக் கிடந்தது. அந்த வாய்க்காலில் வடிந்த வயல்களில் மட்டும் பயிர் பச்சையாகத் தலைநீட்டிக்கொண்டு நின்றது. உரக்கடைக்காரர் குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். வீடியோ எடுக்க வந்த பையன்கள் இப்போது நடவு இயந்திரம் ஓட்டுகிறார்கள்.

அம்மா அந்தப் பயிரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எடுக்குறதுன்னா எடு. வடிகால் பாத்து எடு."

இந்தக் குறுவைக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் குத்தகைக்கு எடுத்து, நேற்று நாற்றங்காலில் விதையும் விட்டாயிற்று. இதைவிட நல்ல வடிகாலோடு தெற்கே ஒரு வயல் கிடைத்தது. அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஹெல்மெட் அண்ணன் வயலுக்கு அடுத்தது நான் எடுத்த இந்த வயல்தான். காலை ஏழு மணி விசில் இங்கே நன்றாகக் கேட்கும்.