உமாமகேஸ்வரியின் மரத்துப்போன கால்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஜனக்புரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் அடித்தள வாசலில் இருநூறு ஜோடி செருப்புகள் கிடந்தன. கழற்றிப் போட்டவர்கள் எல்லோரும் படித்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக மத்திய அரசிடம் முப்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். உள்ளே, அவர்களுடைய கால்கள் வழியாகப் பாவம் இறங்கப் போகிறது.

இறக்குகிறவர் நரம்பருள் சித்தர் சேஷு சுவாமிகள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள். கை ஏன் மரத்துப் போகிறது? உள்ளங்கால் ஏன் எரிகிறது? விரல் ஏன் நடுங்குகிறது? தலை ஏன் சுற்றுகிறது? வாய் ஏன் ஒரு பக்கமாகக் கோணுகிறது? டாக்டரிடம் போனால் ஐந்து கேள்விக்கும் ஐந்து பதில் சொல்வார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆறாவதாக ஒன்றும் சொல்வார். சுவாமிகள் அப்படிக் குழப்புகிறவர் அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நரம்பில் பாவநீர் கட்டியிருக்கிறது. வாய் கோணினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இங்கே வந்தால் டோக்கன் நாற்பத்து மூன்று கிடைக்கும்.

முறை எளிது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர். அதில் ஒரு பிடி சித்தர் உப்பு. நோயாளி கால்களை உள்ளே வைக்க வேண்டும். பக்கத்தில், ஒரு பெட்டியிலிருந்து வயரோடு வரும் ‘நரம்புச் சக்கரம்’ என்ற உருளையைத் தண்ணீருக்குள் போட்டு சுவிட்சைத் தட்டுவார்கள். இருபது நிமிஷத்தில் தெளிந்த தண்ணீர் சாக்கடை நிறமாகி, மேலே நுரை கட்டும். சுவாமிகள் எட்டிப் பார்த்துச் சொல்வார். மஞ்சளாக வந்தால் கோபம். காவியாக வந்தால் முன்னோர் சாபம். கறுத்து வந்தால் செய்வினை.

டில்லித் தமிழ் அதிகாரிகள் சாமியார் என்றால் லேசில் நம்பிவிட மாட்டார்கள். ஃபைல் என்றால் நம்புவார்கள். சுவாமிகளுக்கு அது தெரியும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் நரம்பறிக்கை உண்டு. அதற்கு டைரி நம்பர், தேதி, வட்ட முத்திரை, மூன்று நகல் உண்டு. கடைசியில் பச்சை மையில் கையெழுத்து. பச்சை மையைக் கண்டால் கேள்வி கேட்காமல் மேலே அனுப்புவது அந்தக் கூட்டத்தின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். உட்காரும் இடம்கூடச் சம்பள லெவல்படிதான். லெவல் பதின்மூன்றுக்கு மேல் சோபா. மற்றவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. பாவத்திலும் சீனியாரிட்டி.

இந்தத் தொட்டிகளைக் கழுவுகிறவள் ஆராயி. ஞாயிறு மட்டும் இங்கே வேலை. மற்ற ஆறு நாளும் இரண்டு தெரு தள்ளி, செக்‌ஷன் ஆபீசர் தட்சிணாமூர்த்தி வீட்டில் சமையலும் பெருக்கலும். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்றாவது வரிசைக்காரர் அவர். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷமாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு வியாழக்கிழமை ஆராயி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தட்சிணாமூர்த்தி ஹாலில் நடந்துகொண்டே போனில் பேசினார். அவர் நடந்த இடமெல்லாம் ‘டக் டக்’ என்று சத்தம்.

“சார், செத்த நில்லுங்க. காலைத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“தூக்குங்க சார்.”

தூக்கினார். வலது குதிகாலில் ஒரு டிராயிங் பின், தலை மட்டும் தெரிய, முழுசாக இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். சுண்டுவிரலுக்குக் கீழே வேறொரு புண், பழையது, ஓரம் கறுத்துக் கிடந்தது.

அவர் மனைவி ராஜம் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? விரலை எடுக்க வேண்டி வரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே!”

“அதெல்லாம் இங்கிலீஷ் மருந்தை விக்கறதுக்காகச் சொல்றது” என்றார் தட்சிணாமூர்த்தி, டிராயிங் பின்னைப் பிடுங்கி மேஜையில் வைத்துக்கொண்டே. “சுவாமி மாத்திரையை நிறுத்தச் சொல்லி அஞ்சு வாரம் ஆச்சு. போன வாரம் தண்ணி எவ்வளவு கறுப்பா வந்தது தெரியுமா? அவ்வளவும் வெளிய வந்தாச்சு. பின் குத்தினது வலிக்கவே இல்லை பாரு. இது குணமாகிறதுக்கு அறிகுறி.”

ஆராயிக்குச் சிரிப்பு வந்தது. “சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? போன ஞாயிறு டீ குடிக்கப் போனப்ப, புது உப்புத் தண்ணி ஊத்தின ஒரு தொட்டியில அந்த உருளையை போட்டு, சுவிட்சை அணைக்காம மறந்துட்டுப் போயிட்டேன். தொட்டியில கால் இல்ல, கை இல்ல, ஒரு ஈ கூட இல்ல. திரும்பி வந்து பார்த்தா அதே கறுப்புத் தண்ணி. மோந்து பார்த்தேன். எங்க வீட்டுத் துருப்பிடிச்ச பக்கெட்டு நாத்தம். உப்புத் தண்ணியில இரும்பைப் போட்டுக் கரண்டு விட்டா இரும்புதான் கரையுது சார். உங்க பாவம் இல்ல.”

தட்சிணாமூர்த்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ சொல்றதுக்கு ஏதாவது ரிப்போர்ட் இருக்கா? அவர் எழுத்துல கொடுத்திருக்கார் ஆராயி. பச்சை மையில.”

அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

சமையலறையில் ராஜம் வெங்காயத்தை நறுக்கினாள். இனி நறுக்கவே முடியாத அளவுக்கு நறுக்கினாள்.

“என் பேச்சை அவர் கேட்டதா சரித்திரமே இல்ல. நீ சொன்னாலும் கேக்க மாட்டார். கால் போயிடும் ஆராயி.”

“நாம சொன்னா கேக்க மாட்டாரும்மா. சாமி எழுதிக் கொடுத்தா கேப்பாருல்ல?”

“சாமி எதுக்குடி எழுதிக் கொடுக்கும்?”

“கொடுக்கும். நீங்க ஒரு பழைய பட்டுப் புடவை எடுத்து வையுங்க. கொலுசும் மெட்டியும்.”

ஆராயியின் தம்பி செல்வராஜ் சரோஜினி நகர் மார்க்கெட்டில் லெகிங்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்கு முன்னால் இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ள ஃபைபர் பொம்மைகள் வரிசையாக நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதில் ஒன்றைச் சாக்கில் சுற்றி, அக்காவோடு மெட்ரோவில் கொண்டு வந்தான். செக்யூரிட்டி ஸ்கேன் மெஷினில் சாக்கு போனபோது போலீஸ்காரர் திரையைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

“பையா, யே கியா ஹை?”

“துகான் கா மால் சாப், துகான் கா மால்!” கடைச் சரக்குதான் என்று செல்வராஜ் சாக்கை அவிழ்த்துக் காட்டினான். பிறகு அக்காவிடம், “உனக்கு ஞாயித்துக்கிழமை வேலை போகப் போவுது, பார்த்துக்க” என்றான்.

“போவட்டும். துரு கழுவிக் கழுவி என் கைதான் காவியாயிருச்சு.”

சுவாமிகள் பிரம்மச்சாரி. பெண்களின் முகம் பார்க்க மாட்டார். அதனால் பெண்கள் வரிசைக்கு நீளமாக ஒரு மெரூன் திரை உண்டு. திரைக்குக் கீழே கால்களும் தொட்டிகளும் மட்டும் தெரியும். கால்களையும் சுவாமிகள் பார்க்க மாட்டார், தண்ணீரைத்தான் பார்ப்பார். எவ்வளவு கட்டுப்பாடான மனிதர்!

அந்த ஞாயிறு ஐந்தாம் தொட்டியில் இரண்டு கால்கள் இருந்தன. மஞ்சள் பூசி, மெட்டி மாட்டி, கொலுசு போட்டு, மேலே அரக்குப் பட்டு. பின்னால் நாற்காலியில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ராஜம். ஆராயி உப்பைப் போட்டு, உருளையை இறக்கி, சுவிட்சைத் தட்டினாள். இருபது நிமிஷத்தில் தண்ணீர் கருங்காப்பி ஆனது.

சுவாமிகள் வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பெரிய நோய் கிடைத்தால் அவர் மைக் இல்லாமல் பேச மாட்டார்.

“மகளே, உன் பெயர்?”

“உமாமகேஸ்வரி” என்றது திரை, ராஜத்தின் மாற்றிய குரலில்.

“கால் மரத்துப் போகிறதா?”

“சுத்தமா உணர்ச்சியே இல்ல சாமி. ஊசி குத்தினாலும் தெரியாது.”

“எத்தனை நாளாக?”

“பொறந்ததிலேர்ந்தே.”

கூட்டம் ‘உச்சு’ கொட்டியது. முன்வரிசை சோபாவில் ஓய்வு பெற்ற டைரக்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தூக்கம் உண்டா?”

“நின்னபடியே ராத்திரி பூரா இருப்பேன் சாமி.”

“நினைத்தேன். சாப்பாடு?”

“ஒண்ணும் இறங்காது.”

“இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுகிறாயா?”

“ஒரு நாளும் தொட்டதே இல்ல சாமி.”

“பார்த்தீர்களா!” சுவாமிகள் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “மாத்திரை தொடாததால்தான் இந்த அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்! இது மாமியார் வழிச் சாபம். மூன்று தலைமுறை. இடது கால் நரம்பில் உட்கார்ந்திருக்கிறது. ரத்தம் திக்கித் திக்கி ஓடுகிறது. இன்னும் ஏழு வாரம் பாவநீர் இறக்கினால் இந்த மகள் ஓடுவாள்!”

“ரிப்போர்ட்ல எழுதிக் கொடுங்க சாமி” என்றாள் ஆராயி பணிவாக. “வீட்டுக்காரர் எழுத்துல இருந்தாத்தான் நம்புவாராம்.”

சுவாமிகள் எழுதினார். டைரி நம்பர் போட்டார். முத்திரை குத்தினார். பச்சை மையில் கையெழுத்து விழுந்தது. ஆராயி அதை வாங்கி நேராகப் போய் மூன்றாவது வரிசையில் தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்தாள். “உரக்கப் படிங்க சார்.” அவர் படித்தார். பழக்க தோஷம், எழுதிய எதையும் அவர் பாதியில் நிறுத்தியதில்லை. ரத்த ஓட்டம், மாமியார், மூன்று தலைமுறை, ஏழு வாரம், எல்லாம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஆராயி திரும்பி வந்து திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். புடவையை உருவினாள். உமாமகேஸ்வரியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கொலுசு குலுங்க, மேடைக்கு நடந்தாள்.

“சாமி, இந்தாங்க. இவதான். ஓட விடுங்க.”

 பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அது முன்வரிசை வரை வந்துசேர வெகுநேரம் ஆகவில்லை.

சுவாமிகள் சமாளித்தார். அதற்கும் திறமை வேண்டும். “பொம்மையைச் செய்தவனின் பாவம்! அது இறங்கியிருக்கிறது!”

“அச்சா?” என்றாள் ஆராயி. “அப்ப இன்னொண்ணு பார்த்துடலாம்.” மேடையிலேயே இரண்டு தொட்டி வைத்தாள். இரண்டிலும் புதுத் தண்ணீர், உப்பு. ஒன்றில் உருளை மட்டும், கால் இல்லை. இன்னொன்றில் சுவாமிகளின் பேரைச் சொல்லி அந்த டைரக்டரையே காலை வைக்கச் சொன்னாள், உருளை இல்லை. “இருபது நிமிஷம் உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். காத்திருப்பதில் அவர்களை மிஞ்ச இந்தியாவில் ஆள் கிடையாது.

கால் இல்லாத தொட்டி கறுத்தது. கால் இருந்த தொட்டியில், அறுபத்தைந்து வருஷம் வாழ்ந்து, பல இடமாற்ற உத்தரவுகளில் கையெழுத்துப் போட்ட ஒரு மனிதரின் பாவம் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

“இப்ப இது யாரு பாவம் சாமி? வாட்டர் டேங்கோடதா?”

தட்சிணாமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. கையில் அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். ஆராயி அவர் பக்கத்தில் போய், இடுப்பில் செருகியிருந்த காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். “சாமி ரூம் குப்பைக்கூடையில கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடுவாரு. என்ன மாத்திரைன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க.”

அவர் படித்தார். அவரை நிறுத்தச் சொன்ன அதே சர்க்கரை மாத்திரை.

தலையை நிமிர்த்தியபோது மேடையில் சுவாமிகள் இல்லை. சமையல்கட்டு வாசல் வழியாக வெறுங்காலோடு ஓடியவரை, வெளியே காத்திருந்த செல்வராஜும் இன்னும் நாலு பேரும் ஆட்டோ ஸ்டாண்டில் பிடித்துப் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. நரம்புக் கோளாறு எதுவும் தெரியவில்லை.

“ராஜம்” என்றார் தட்சிணாமூர்த்தி, “ஆட்டோ கூப்பிடு. ஆஸ்பத்திரிக்கு.”

“ஜல்தி எழுந்திருங்க. அஞ்சு வாரம் லேட்டு.”

பெண் டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டுப் பார்த்தார். நாலு இடம்தான் தெரிந்தது. தட்சிணாமூர்த்தி தன் கேள்விகளைக் கேட்டார். சாபமா? இல்லை, பல வருஷச் சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கிறது. போன உணர்ச்சி திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். விரல்? இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் எடுத்திருப்போம். தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், மாத்திரையை எவன் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். ஒன்றரை மாதத்தில் புண் ஆறியது. ஐந்து விரலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆராயியின் ஞாயிற்றுக்கிழமை காலியானது. அப்படி ஒரு ஞாயிறு ராஜத்தோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனாள். கடையில் ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை கூப்பியபடி வந்தார். அந்த ஓய்வு பெற்ற டைரக்டர்.

“அம்மா, நீங்கதானே அந்தப் பொய்ச் சாமியைக் கண்டுபிடிச்சவங்க? உங்ககிட்ட ஏதோ சக்தி இருக்கு. எனக்கு இந்தக் கழுத்து நரம்பு இழுக்குது. ஒரு தடவை தொட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்.”

ராஜம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆராயி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

“கழுத்துக்கு டாக்டர் இருக்காங்க சார், போய்ப் பாருங்க. அதுக்கு மேல இருக்கே, அது மரத்துப் போனா பார்க்க எந்த ஆஸ்பத்திரியும் இல்ல. தினமும் காலையில ‘ஏன்’னு ஒரு கேள்வி கேட்டு, உணர்ச்சி இருக்கான்னு நீங்களேதான் பார்த்துக்கணும்.”