செம்மநத்தம் பஸ்ஸுக்கு ஒரு தலைப்பு

எல்லாப் பள்ளிகளும் மாணவர் இதழ் நடத்த வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. ஏற்காடு மலையில் இருந்த ஓர் அரசுப் பள்ளியும் அதற்குக் கட்டுப்பட்டது. இதழாசிரியராகப் பதினொன்றாம் வகுப்பு மாணவி ராஜேஸ்வரியைப் போட்டார்கள். கரடியூர்ப் பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

முதல் இதழுக்கே அவளிடம் உருப்படியான செய்தி இருந்தது. மழை பிடித்ததிலிருந்து செம்மநத்தம் பஸ் பழுதாகி டிப்போவில் கிடந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் நடந்தே வந்து, முதல் பீரியட் முடிந்த பிறகு நனைந்த புத்தகங்களோடு வகுப்பு வாசலில் நின்றார்கள். ராஜேஸ்வரி அவர்களை விசாரித்து எழுதி, ‘செம்மநத்தம் பஸ் வரவில்லை, பிள்ளைகள் நடக்கிறார்கள்’ என்று தலைப்பிட்டாள்.

அச்சுக்குப் போகுமுன் மாணவர் இதழ் மேம்பாட்டு அலுவலர் பாலசுப்பிரமணியம் பார்வையிட்டாக வேண்டும். அவர் சேலத்திலிருந்து மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். தலைப்பு எழுதுவதில் முறைப்படி பயிற்சி பெற்றவர். தலைப்பில் ‘இல்லை’ என்ற வாடையே அடிக்கக் கூடாது, படிக்கிறவன் நெஞ்சு நிமிர வேண்டும் என்று விளக்கினார்.

“பஸ் வராததெல்லாம் செய்தியா கண்ணு? வராதது எப்படி நடந்த சம்பவம் ஆகும்? பிள்ளைங்க நடக்கறாங்க பாரு, அதுதான் நடந்தது.”

அவள் வைத்த தலைப்பை அடித்துவிட்டு ‘நடையில் வென்றது செம்மநத்தம்!’ என்று எழுதினார். கீழே இருந்த செய்தியில் அவர் கை வைக்கவில்லை. படித்தால்தானே கை வைப்பதற்கு. உண்மை முழுசாகக் கீழே இருக்கிறதே என்று ராஜேஸ்வரி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இதழ் வெளிவந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை தலைப்பை வாசித்துக் கைதட்டச் சொன்னார். செம்மநத்தம் பிள்ளைகள் ஈரச் சட்டையோடு தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். மாணவர் உடல்நலத்தில் மலைக்கே முன்மாதிரி என்று மேலிடம் பாராட்டியது. டிப்போவில் அந்த பஸ்ஸைப் பழுது பார்த்தார்கள். ஆனால் அதைச் செம்மநத்தத்துக்கு அனுப்பி ஒரு சாதனையைக் குலைக்க யாருக்கும் மனசு வரவில்லை. லேடீஸ் சீட் மலைமுனையைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து ஊரான வாழவந்தியின் பெரிய மனிதர்களுக்கு ரோஷம் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கால் இல்லையா என்று கேட்டார்கள். கோரிக்கை நியாயமானது என்று கருதி அந்த ஊர் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். அடுத்து கரடியூர். இப்போது பத்திரிகை ஆசிரியையும் நடந்துதான் பள்ளிக்கு வந்தாள். முதல் மணி அடிக்கையில் பாதி வகுப்பு காலியாகக் கிடந்தது. அதற்கும் ‘வகுப்பறையில் தாராள இடம்!’ என்று அலுவலர் தலைப்பு வைத்திருந்தார்.

ஏரிக்கரையில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். சிறந்த தலைப்புக்கான பரிசு ராஜேஸ்வரிக்கு. கேடயத்தை வாங்கியவள், யாரும் அழைக்காமலே மைக் பக்கம் போனாள்.

“இந்தத் தலைப்பு நான் வெச்சதில்லைங்க. பஸ் வராததால நடக்கறோம். நொம்பப் பேரு பள்ளிக்கூடத்தையே நிறுத்திட்டாங்க. தயவு செஞ்சு பஸ்ஸை விடுங்க.”

முன்வரிசையிலிருந்த நிருபர் வரி விடாமல் குறித்துக்கொண்டார். இனி விடிந்துவிடும் என்று ராஜேஸ்வரி நம்பினாள்.

மறுநாள் நாளிதழில் அவள் பேச்சு ஓர் எழுத்துப் பிசகாமல் வந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘பஸ்ஸை விடுங்க! மலை மாணவி அறைகூவல்.’

அலுவலகங்களில் தலைப்பைப் படித்தார்கள். பஸ்ஸை விட்டுவிட வேண்டும் என்று ஒரு மாணவியே சொன்ன பிறகு அரசு பின்தங்கலாமா என்று ஆலோசித்தார்கள். அந்த வாரமே மலைக்குள் ஓடிய மிச்ச பஸ்களும் நின்றன.

சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து போன சின்னத்தம்பி அவளை வழியில் மறித்தார். பஸ்ஸை விடச் சொல்லி ஊர் பிழைப்பையே கெடுத்துவிட்டாயே என்று திட்டினார். தான் கேட்டதே பஸ்தான் என்றாள் அவள். அவர் நம்பவில்லை. பையிலிருந்த நாளிதழை எடுத்து நீட்டினாள்.

“தலைப்பை விடுங்க மாமா. கீழ இருக்கறதைக் கொஞ்சம் படிங்க.”

சின்னத்தம்பி பழத்தை மறுதோளுக்கு மாற்றினார்.

“அதையெல்லாம் படிக்க நேரம் ஏது கண்ணு? சந்தைக்கு நடந்தில்ல போகோணும்.”