இரண்டு இறாலும் ஒரு நீண்ட ஜெபமும்

ஒற்றையாக இருக்கும் எதையும் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. இருபத்தொன்பது வயதில் ஒரு பெண் ஒற்றையாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கேட்டைத் தாண்டுவதற்குள் பத்துப் பேராவது அக்கறையாக விசாரித்துவிடுவார்கள். அந்த அக்கறைக்கெல்லாம் நான் பல்லைக் காட்டித் தப்பித்துவந்தேன். மாட்டிக்கொண்டது என் இறால்.

மும்பை செம்பூரில் எங்கள் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், அதற்குள் ஒரு மான்டிஸ் இறால். பெயர்தான் இறால். உள்ளங்கை நீளம், மயில் கழுத்து நிறம், தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண்கள். முன்காலை மடக்கி வைத்திருந்து ஒரு குத்து விட்டால் நத்தை ஓடு சுக்குநூறாகிவிடும். பயில்வான் என்று பெயர் வைத்திருந்தேன். ஐரோலி ஆபீசில் நாள் முழுக்க மேனேஜர் என்னை முறைப்பார். வீட்டுக்கு வந்தால் இது முறைக்கும். ஏனோ இது முறைத்தால் கோபமே வராது.

"குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது, இதுக்கு ஒரு லைட்டு வேற!" என்று அம்மா கரித்துக்கொட்டுவாள்.

அப்போதுதான் பக்கத்துச் சுனாபட்டியிலிருந்து சாம் என்ற பையனின் வரன் வந்தது. ஃபோனில் பேசிய இரண்டாவது தடவையே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. (வெளியே சொல்லவில்லை. நமக்கும் ஒரு கெத்து வேண்டாமா?) அதற்கு முன் வந்த குடும்பம், "ஜெபத்துல பொண்ணு கண்ணைத் தொறந்து மொபைலைப் பாக்கா" என்று சொல்லிக் கைகழுவியிருந்தது. (பார்த்தது உண்மை. ஜெபம் அவ்வளவு நீளம்.) எங்கள் வழக்கப்படி பெண் பார்க்க வந்தால் காபிக்கும் பஜ்ஜிக்கும் முன்னால் ஜெபம் உண்டு. சாமின் அப்பாவோ ஊரறிந்த ஜெபக்காரர்.

"ஏட்டி, இந்தத் தடவ கண்ணைத் தொறந்தேன்னா அவ்வளவுதான், சொல்லிட்டேன்" என்று எச்சரித்த அம்மா, அதோடு நிற்காமல் தொட்டியைக் கைகாட்டினாள். "நல்ல காரியம் பேச வாராக. இது மட்டும் ஒத்தையாக் கெடந்து முழிக்குது. இதுக்கும் ஒரு சோடி வாங்கி விடு."

"அம்மா, ஒரு தொட்டியில ஒண்ணுதான் வைக்கணும். ரெண்டு வச்சா அடிச்சுக்கிடும்."

"பெருவெள்ளம் வந்தப்ப பேழைக்குள்ள எல்லா ஜீவனையும் சோடி சோடியாத்தானட்டி ஏத்துனாக? அங்க அடிச்சுக்கிட்டுதா?"

எனக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. வீட்டில் ஒன்றாவது ஜோடி சேர்ந்தால் எனக்கும் அமையும் என்று படித்த புத்தி கணக்குப் போட்டது. மறுநாளே இன்னொன்றை வாங்கி வந்தேன். பெண்தான் என்று கடைக்காரர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். எதைப் பார்த்துச் சொன்னாரோ, அவருக்கே வெளிச்சம். தொட்டிக்குள் ஒளிந்துகொள்ள இருந்தது ஒரே ஒரு பிவிசி குழாய். மும்பையில் ஒன் ரூம் கிச்சனுக்கு அடித்துக்கொள்ளாத ஜீவன் உண்டா? அது எனக்குத் தோன்றவில்லை.

சாம், அவன் அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். நான் பட்டுப்புடவையில் தலை குனிந்து நின்றேன். "ஜெபிச்சிட்டுப் பேசலாமா?" என்று அவன் அப்பா எழுந்தார். எல்லோரும் எழுந்து கண்ணை மூடினோம்.

டக்.

முதலில் ஒன்று. பிறகு டக், டக் என்று வரிசையாக. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வாசலில் காத்திருப்பவர்களுக்காகவும் அவர் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடிதான். "இந்த வீட்டுல ஆசீர்வாதம் நிரம்பி வழியணும் ஆண்டவரே!" என்று அவர் உருகியபோது என் காலடியில் ஜில்லென்று தண்ணீர் பரவியது.

கண்ணைத் திறந்தால் கல்யாணம் போச்சு. திறக்காவிட்டால் வீடே போச்சு. தொட்டிக்குக் கீழே தரையில் கிடந்தது எக்ஸ்டென்ஷன் போர்டு, தண்ணீர் அதை நோக்கித்தான் போயிருக்கும். வருவது வரட்டும் என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தேன்.

எதிரே சாம் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு விநாடி அவன் பூனை மாதிரி நடந்துபோய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தான். திரும்பி வந்து விரிசல்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, "பால்டி, பால்டி" என்று வாளி கேட்டு உதட்டை மட்டும் அசைத்தான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். கைக்கு அகப்பட்டது இட்லி மாவுப் பாத்திரம். ஜெபம் அப்போது வெளிநாட்டிலுள்ள சொந்தங்கள்வரை போயிருந்தது.

"ஆமென்" என்று எல்லோரும் கண் திறந்தபோது, மாப்பிள்ளை சட்டை நனைந்து தொட்டியைக் கட்டிப்பிடித்து நின்றான். பெண் முழங்கால்வரை புடவையைச் செருகி, மாவுப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, எம்மா!" என்று அம்மா சோபாவில் சாய்ந்தாள். என் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலடித் தண்ணீரையே பார்த்தார்.

"கால்ல ஜில்லுன்னு பட்டதும் அருள்தான் எறங்குதுன்னுல்லா நெனச்சேன்!" என்றார் சாமின் அம்மா.

அவன் அப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் எப்பக் கண்ணைத் தொறந்தீக?" என்று கேட்டார். இந்த வரனும் போச்சு என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அவங்க இப்பத்தான்ப்பா. நான் மூடவே இல்ல" என்றான் சாம்.

அவர் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, "சரிதான். இன்னொரு பால்டி எடுத்துட்டு வாம்மா, மருமவளே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அந்த இரண்டு சண்டைக்கார ஜந்துக்களுக்கும்தான்.

புதிது கடைக்கே திரும்பிப் போயிற்று. பயில்வான் இப்போது உடையாத அக்ரிலிக் தொட்டியில், என் புகுந்த வீடான சுனாபட்டியில், தனிக்குடித்தனம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாமா, அத்தையோடு ஒரே ஹாலில் நாலு பேர். ஆனால் வீட்டில் எந்த ஜெபமானாலும் மாமா தொண்டையைச் செருமி, "எல்லாரும் கண்ணை மூடுங்க. நீங்க ரெண்டு பேரும் தொறந்தே வச்சிருங்க, வீட்டைப் பாத்துக்கிடணும்லா" என்பார். சிரிப்பு அடங்கியதும் ஜெபம் தொடங்கும். மாமாவின் ஜெபம் இன்னும் அதே நீளம்தான். அத்தனை பேர் நடுவிலும் சாமை நான் ஆசை தீரப் பார்ப்பது அப்போதுதான். ஆமென் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஜெபம்.