பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு

சார்ஜரில் பச்சை விளக்கு பத்தே நிமிடத்தில் எரிந்துவிட்டது. அக்னஸுக்கு அதுதான் புரியவில்லை.

படகின் பேட்டரி நூறு ஆம்பியர்-மணி. சார்ஜர் பத்து ஆம்பியர். காலிப் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரமாவது ஆக வேண்டாமா? பச்சை எரிந்ததே என்று படகை எடுத்தால், நடு ஏரியில் மோட்டார் முனகிவிட்டு நின்றது.

துடுப்புப் படகுக்கார ராஜாமணி கயிறு கட்டி இழுத்து வந்தார். "இன்னா இஞ்சினியரம்மா, பேட்டரி தூங்கிக்கினு கீதா?"

"தூங்கலண்ணே, பசி. எப்படி ஊட்டறதுன்னு கேட்டுக்கினு வர்றேன்."

பிரம்மதேசம் பக்கத்து ஏரியில் மின்படகு ஓட்ட அக்னஸின் மகளிர் குழுவுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. ஞாயிற்றுக்கிழமை ஊரார் முன்னால் அக்கரை போய்த் திரும்பினால் படகு குழுவுக்கு. நடுவில் நின்றால் ராஜாமணி ஆட்களுக்கு.

திண்டிவனத்தில் பேட்டரிக் கடை தாண்டவராயன் சார்ஜரைத் தன் பேட்டரியில் மாட்டிப் பார்த்தார். "இது நல்லாத்தான் கீது. வேணும்னா இருபது ஆம்பியர் எடுத்துக்கினு போ. அதுக்கு மேல போனா பேட்டரி சூடாயி உப்பிடும். ஜெல் பேட்டரிதானே? சார்ஜர்ல பேட்டரி வகைக்குனு கீற சுவிட்ச ஜெல்லுல வெய்யி."

இருபது ஆம்பியர் சார்ஜரோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அக்னஸ் இரண்டு முறை படித்தாள். சார்ஜர் ஈரம் படாத இடத்தில் இருக்க வேண்டும். எனவே கொட்டகையில் சுவிட்சுக்குப் பக்கத்தில் அவள். தடித்த ஒயரின் மறுமுனையில், படகுக்குள், குழுவின் மூத்த உறுப்பினர் வெள்ளையம்மாள்.

"பெட்டி மூடி தொறந்து கீதாக்கா? வாயு வெளிய போவணும்."

"தொறந்துதான்டி கீது!"

"சிவப்பு கிளிப்பு பிளஸ்ல?"

"மாட்டிக்கினேன்!"

"கைய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன், ஜல்தியா போடு!"

அதற்கு அப்புறம்தான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு கிளிப். மாற்றிச் செய்தால் பொறி பறக்கும்.

இம்முறை ஐந்தே நிமிடத்தில் பச்சை. படகு கரையோரக் கோரையைக்கூடத் தாண்டவில்லை.

"கயித்த அவுக்கட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்றார் ராஜாமணி.

"பேஜாரு பண்ணாதீங்கண்ணே!"

வெள்ளிக்கிழமை அக்னஸ் விழுப்புரம் போய் மூன்றாவது சார்ஜரோடு வந்தாள். பேட்டரியின் வோல்ட்டைத் தானே அளந்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கடைசியில் சொட்டுச் சொட்டாகவும் ஏற்றுகிற புத்திசாலி அது.

சனிக்கிழமை விடிந்ததும் மாட்டினார்கள். பத்து நிமிடம்: சிவப்பு. ஒரு மணி நேரம்: சிவப்பு. அக்னஸ் மோடா போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஐந்துக்குத்தான் பச்சை வந்தது. நியாயமான பச்சை.

ஞாயிறு காலை ஊரே கரையில் நின்றது. படகு சத்தமில்லாமல் அக்கரை போய், வளைந்து, திரும்பி வந்து கரையைத் தொட்டது. கைதட்டலில் கொக்குகள் எழுந்து பறந்தன. ராஜாமணி கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"நெசமாத்தான் கேக்கறேம்மா. எப்படி?"

அக்னஸ் நிமிர்ந்து நின்றாள். அவள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள். "எல்லாம் சார்ஜர பொறுத்துத்தாண்ணே. பேட்டரி இன்னா வகை, எத்தினி ஆம்பியர், எத்தினி வோல்ட்டுல நிறுத்தணும்... பாத்துப் பொறுக்கி எடுத்தா எந்தப் பேட்டரியும் ஓடும்."

ஊர் வாயைப் பிளந்து கேட்டது. படகிலிருந்து இறங்கிய வெள்ளையம்மாள் புடவையை உதறிக்கொண்டே சொன்னாள்:

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதும்மா. புது சார்ஜர் வர்ற ஒவ்வொரு வாட்டியும் பேட்டரி குமிழு ரெண்டுத்துக்கும் கெட்டியா சந்தனம் அப்பி, காஞ்ச பொறவுதான் கிளிப்பு மாட்டுவேன். நேத்து பழய சந்தனத்த நாரு போட்டுத் தேச்சு எடுத்துட்டுப் பாத்தா டப்பால சந்தனம் தீந்துபோயி கீது. அதான் வெறுங்குமிழுலயே மாட்டிட்டேன்."