சூரமாறனை எழுப்பித் தரக் கோரி

நயினார்கோவில் வட்டாரம்,
சித்திரை, 1988.

மதிப்பிற்குரிய 'கடற்சூறை' சித்திரக்கதை இதழ் ஆசிரியர் சமூகத்திற்கு, மிளகாய் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி செல்லச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் உடம்புக்குச் சுகம். மானத்துக்குத்தான் சுகமில்லை. அங்கு தாங்களும் தங்கள் குடும்பமும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

எனக்குப் படக்கதை படிக்கிற பழக்கம் கிடையாது. என் மகள் செவ்வந்திக்காக மாசாமாசம் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் உங்கள் புத்தகத்தை வாங்கி வருவேன், அவ்வளவுதான். எங்கள் முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளும்போது, கை சோராமல் ஓடட்டும் என்று அவள் சத்தமாக வாசிப்பாள். 'மழை மறந்த நாடு' என்று ஒரு தொடர் போட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அது ஒரு கதையா? மேகங்களையெல்லாம் பிடித்துக் குகையில் பூட்டி வைத்திருக்கிற மந்திரவாதி, அவனிடம் மழையைக் கேட்டு வாங்கக் குதிரையேறிப் புறப்பட்ட சூரமாறன். போனவன் வாங்கி வருவான் என்றுதானே எவனும் நினைப்பான்? தை மாசம் அவன் தாயைக் கொன்றீர்கள். மாசியில் அவன் குதிரை கார்மேகத்தைத் தாகத்திலேயே சாகவிட்டீர்கள், அதுவும் முழுப் பக்கத்தில், கண்ணைத் திறந்தபடி. அன்றைக்கு நான் ராத்திரி சாப்பிடாதது வயிறு சரியில்லாததால். பங்குனியில் சூரமாறனையே கொன்று, மந்திரவாதி சிரிக்கிற படத்துக்குக் கீழே 'முற்றும்' என்று போட்டுவிட்டீர்கள். மழை இல்லை என்று இராமநாதபுரம் ஜில்லாக்காரனுக்குப் படம் போட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா? வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் எங்களுக்கே தெரியும்.

அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்த அன்றைக்குத்தான் செவ்வந்தியைப் பெண் பார்க்க முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. சாயங்காலம் வருகிறோம் என்றவர்கள் பஸ் கிடைத்ததென்று மத்தியானமே வந்துவிட்டார்கள். இங்கே முற்றத்தைக் காலி செய்ய அவசர அவசரமாகக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நெடியில் எல்லோருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. சூரமாறன் விழுந்தானோ இல்லையோ, சுற்றுப்பட்டில் எந்த இழவு விழுந்தாலும் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிற எங்கள் கருத்தம்மாள், முறத்தைத் தள்ளிவிட்டு, "தண்ணி கேட்டுப் போன ராசா, தாகத்தோட சாஞ்சியளே" என்று எடுத்துவிட்டாள். அவள் எடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கட்டிப் பிடித்துக்கொண்டு மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்ல காரியம் பேச வந்தவர்கள் இழவுச் சத்தம் கேட்டால் தெருமுனையோடு திரும்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் மருதுபாண்டி முறை தெரிந்த மனுஷன். சம்பந்தம் பேச வந்த வீட்டில் துக்கம் கேட்காமல் போவதா என்று, பெண்ணுக்குக் கொண்டுவந்த மல்லிகையைப் பைக்குள் ஒளித்து, எங்கேயோ ஓடி ஒரு மாலை வாங்கி வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கூட வந்த பெண்கள் யார் செத்தது என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்க் கருத்தம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பலகாரம் வாங்கப் போன நான் திரும்பி வந்தால் வாசலில் துண்டு போட்ட ஆட்கள், மாலை, உள்ளே ஒப்பாரி. காலையில் என் வீட்டுக்காரி நாகலெட்சுமி நெஞ்சு கரிக்கிறது என்றாள், நான் எரிந்து விழுந்திருந்தேன். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். காராச்சேவை வீசிவிட்டு, "போயிட்டியே, இனி நான் யாரைத் திட்டுவேன்" என்று புழுதியில் விழுந்து புரண்டேன். அவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "யாரு போயிட்டது?" என்று கேட்டாள். தெருவே பார்த்தது.

மருதுபாண்டி எழுந்து, செத்தது யார் என்று கேட்டார். கருத்தம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, சூரமாறன் என்றாள். எந்தத் தெரு என்றார். செவ்வந்தி புத்தகத்தை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சட்டையில் இருந்த புழுதியைப் பார்த்தார்.

"பொணமில்லாம ஒப்பாரி வச்ச வீட்ல பொண்ணெடுத்தா அடுத்தாப்ல யாரு வீட்ல பொணம் விழும்? செத்தவன் எந்திரிச்சு வரட்டும். அப்பறம் பேசுவோம்."

சொல்லிவிட்டு மாலையை என் கையில் கொடுத்துப் போய்விட்டார். இழவுக்கு வாங்கினதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம்.

அன்றிலிருந்து என் மகள் சரியாகச் சோறு தின்பதில்லை. "அய்யா, நான் கதை வாசிச்சது தப்பா?" என்று கேட்கிறாள். பெற்றவன் நான் என்னத்தைச் சொல்ல? ஆகவே வருகிற இதழில் சூரமாறனை எழுப்பித் தர வேண்டும். அந்த மந்திரவாதி மலையிலிருந்து விழுந்தும் பிழைத்தான், நெருப்பில் வெந்தும் பிழைத்தான். அவனுக்குக் கிடைத்த மூலிகை இவனுக்கு மட்டும் கிடைக்காதா? மறுத்தால் கருத்தம்மாளைக் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்கே வாரேன். உங்கள் ஆபீஸ் வாசலில் அவளை உட்கார வைத்து, உங்கள் பேரைச் சொல்லி எடுக்கச் சொல்லுவேன். விளையாட்டில்லை.

தங்கள் பிள்ளைகுட்டிகள் நல்ல மழையும் நல்ல கதையும் கண்டு நூறாயுசு வாழ நாகநாத சுவாமி துணை செய்யட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத,
செல்லச்சாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் புறப்பட்டபோது மாப்பிள்ளை தங்கசாமி தனியாக வந்து இறங்கினார். பாம்பனில் ஐஸ் கம்பெனியில் வேலை, பெண் பார்க்க வந்த அன்றைக்கு லீவு கிடைக்காமல் வராதவர். மாமன் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே வந்தாராம். "கார்மேகம் செத்தப்பவே சூரமாறனும் தப்ப மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு மாமா. எங்க கம்பெனியில நான் ஒருத்தந்தான் அழுதேன், எல்லாரும் சிரிச்சாங்க. இங்கன ஒரு வீடே அழுதுச்சாமே. எனக்கு இந்த வீட்லதான் பொண்ணு வேணும்" என்றார். மாமனைச் சரிக்கட்டுவது அவர் பொறுப்பாம். வைகாசியில் முகூர்த்தம். செவ்வந்தி இரண்டு தட்டுச் சோறு தின்றாள். சூரமாறனை எழுப்பினால் அழுததெல்லாம் பொய்யாகிவிடும் என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்வதால், அவன் செத்தவனாகவே இருக்கட்டும். மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாகக் கொள்ளவும்.

குதிரையை மட்டும் எழுப்ப முடியுமா என்று பார்க்கவும். போன பஞ்சத்தில் என் மயிலைக்காளை அப்படித்தான் கண்ணைத் திறந்தபடி போனது. கதை வேண்டாம். அது தண்ணி குடிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் போட்டால் போதும்.